ஐப்பசிப் பிரயாணமும் ஊரார் யோசனையும்

நமது பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தால் ஐப்பசியும் கார்த்திகையும் சரத் ருது என்று அச்சிட்டிருக்கும். சரத் ருது என்றால் வடதேசத்துக் கவிகளுக்கு ஒரே கொண்டாட்டம். மழை ஓய்ந்துவிடும், மேகங்கள் பஞ்சுப் பொதிகளைப் போல் வெளுத்துவிடும், ஆறுகள் கலங்கல் நீங்கித் தெளிந்துவிடும். வங்காளத்தில் துர்க்கா பூஜை விடுமுறை வந்ததும் குடும்பம் குடும்பமாக மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறுவது வெகு காலமாக உள்ள வழக்கம். அந்த நாட்டுக்கு அது பொருத்தமான வழக்கமேயாகும்.

தமிழ்நாட்டிலோ அதே இரண்டு மாதங்களுக்கு நம் முன்னோர் சூட்டிய பெயர் கூதிர். குளிர்காற்று என்று பொருள். வானம் வெளுப்பதாவது! “ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை” என்று எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். வானிலை ஆராய்ச்சிக்காரர்களும் பாட்டியின் கட்சிதான். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி டிசம்பர் கடைசி வரையில் நீடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் நம் பிள்ளைகளுக்குக் காற்பரீட்சை முடிந்து விடுமுறை கிடைப்பதும், சரஸ்வதி பூஜையும் தீபாவளியும் வருவதும் இந்தக் காலத்தை ஒட்டித்தான். வெயிலும் இல்லாமல், உதக மண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் போகும் கூட்டத்திலும் சிக்காமல், ஏதேனும் ஒரு நாட்டுப்புறத்தில் மூன்று நாள் தங்கி வரலாம் என்று ஆசைப்படும் குடும்பஸ்தர் செய்ய வேண்டியது என்ன?

“அந்த ஊர்க்காரர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்” என்று எல்லாரும் சொல்லுவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஊரார் என்பவர் யார், அவரிடம் எதைக் கேட்பது, அவர் சொல்லும் பதிலுக்கு என்ன அர்த்தம் என்பவற்றை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் ‘நான் சென்ற உல்லாசப் பிரயாணம்’ என்று கட்டுரை எழுதச் சொல்லுகிறோமே தவிர, பிரயாணத்துக்கு முன் எப்படி விசாரிப்பது என்பதற்கு ஒரு பாடமும் வைத்ததில்லை.

நாமும் நம்முடன் வேலை பார்க்கும் நண்பர்கள் இருவரும், குழந்தை குட்டிகள் உட்பட 14 பேராக, கும்பகோணத்திலிருந்து அம்பாசமுத்திரம் பக்கம் போய்வர உத்தேசித்தோம். அந்தப் பிரதேசத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் தாமிரவருணி. பொதிகையில் தோன்றி, சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, தமிழ் மண்ணை விட்டு ஓர் அடியும் விலகாமல் தமிழ்நாட்டுக் கடலிலேயே கலக்கும் ஜீவநதி அது. காவிரிக் கரையில் வசித்துக்கொண்டு, வருஷந்தோறும் தண்ணீருக்காக அண்டை ராஜ்யத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு, வழக்கும் வியாஜ்யமும் இல்லாத ஓர் ஆற்றைக் கண்ணால் காண்பதே ஒரு தீர்த்த யாத்திரை அல்லவா?

முதலில் சென்னையில் குடியேறியுள்ள ஓர் அம்பாசமுத்திரத்துக்காரரை விசாரித்தோம். ஊரை விட்டு 30 வருஷம் ஆகிறது. தாமிரவருணியின் பெயரைச் சொன்னதுமே அவர் கண்கள் பனித்துவிட்டன. எந்த மாதம் போனாலும் ஆனந்தம் என்றார். எந்தத் துறையில் வேண்டுமானாலும் இறங்கலாம் என்றார். ஆற்றுமணலில் உட்கார்ந்து கட்டுச்சாதம் சாப்பிடுங்கள் என்றார். அவர் வர்ணித்த ஊர் பொய்யன்று. ஆனால் அது அவருடைய பதினைந்தாம் வயதில் இருந்த ஊர். அந்த மணலில் பெரும்பகுதி இதற்குள் லாரி லாரியாகப் போய், வீடுகளாக எழும்பி நிற்கிறது. மணல் அள்ளிய இடங்களில் பள்ளங்கள் இருக்கின்றன. தண்ணீர் மூடிக்கொண்டால் அவை கண்ணுக்குத் தெரியா. பிறந்த ஊரைப் பிரிந்தவரிடம் ஊரின் பெருமையைக் கேட்கலாம். ஆற்றின் ஆழத்தைக் கேட்கலாகாது.

பிறகு ஒரு தங்கும் விடுதியின் மானேஜர். “எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், ஸார்! எங்கள் ஊரில் பன்னிரண்டு மாதமும் ஸீஸன்தான்” என்றார். அறை காலியாக இருக்கிறது என்பதற்கு மேல் இந்த வாக்கியத்துக்கு அர்த்தம் இல்லை. வாடகைக் கார்க்காரர் ஒருவர் இரண்டே நாளில் பதினொரு இடங்களைக் காட்டிவிடுவதாக ஒப்புக்கொண்டார். பதினொரு இடங்களிலும் நாம் காரை விட்டு இறங்க முடியுமா என்று கேட்டதற்குச் சற்றுத் தயங்கினார்.

கடைசியில், நாம் மாதா மாதம் அப்பளம் வரவழைக்கும் கல்லிடைக்குறிச்சிக் கடைக்காரரின் நினைவு வந்தது. அம்பாசமுத்திரத்துக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள ஊர் அது, அப்பளத்துக்குப் பேர்போனது. அப்பளம் இடுகிறவர்களுக்கு வெயிலைப் பற்றித் தெரிந்ததுபோல் வேறு யாருக்குத் தெரியும்? டெலிபோனில் அவரைக் கூப்பிட்டு, “அண்ணாச்சி! புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி நடுவிலோ உங்கள் பக்கம் வரலாம் என்று இருக்கிறோம். எது சௌகரியம்?” என்றோம்.

அவர் சிரித்துவிட்டார். “என்ன சார்வாள், ரெண்டும் ஒண்ணுங்கிற மாதிரில்லா கேக்கிய! புரட்டாசிக் கடைசியில வந்தா வெயில் அடிக்கும், ஆத்துல தெளிஞ்ச தண்ணி ஓடும், கார் அறுப்பு நடக்கும். ஐப்பசிப் பாதியில வந்தா மலை இருக்கிற இடமே தெரியாது. பிசானத்துக்கு நாத்துப் பாவி, நடுகைன்னு ஊரே வயல்ல கிடக்கும். நீங்க எதப் பாக்க வாரிய? அதச் சொல்லுங்க மொதல்ல.”

நமக்கு ஒரு நிமிஷம் பதில் வரவில்லை. அதுவரையில் விசாரித்த எவரும் நம்மைத் திருப்பி ஒரு கேள்வி கேட்கவில்லை என்பது அப்போதுதான் மனத்தில் பட்டது. எதிர்க்கேள்வி போடுகிறவரே யோசனை சொல்லத் தகுந்தவர் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டோம்.

அவர் சொன்ன கார், பிசானம் என்ற இரண்டு சொற்களையும் நேயர்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். காவிரிப் பக்கத்தில் நாம் குறுவை, சம்பா என்கிறோம். தாமிரவருணிப் பாசனத்தில் கார் என்பது தென்மேற்குப் பருவமழைத் தண்ணீரை நம்பி ஆனி வாக்கில் தொடங்கிப் புரட்டாசியில் அறுவடையாகும் போகம். பிசானம், ஐப்பசி மழையோடு தொடங்கி மாசி, பங்குனியில் வீடு வரும் பெரும்போகம். ஆகவே புரட்டாசிக்கும் ஐப்பசிக்கும் நடுவே உள்ள இருபது முப்பது நாட்களில், பொன்னிறமாகக் கதிர் சாய்ந்து நிற்கும் வயல் வெறும் தாளடியாகி, பிறகு சேறாகி, மறுபடியும் இளம்பச்சையாகிவிடுகிறது. போகிறவர் ஒரு வாரம் முந்தியோ பிந்தியோ போனால் காண்பது வேறு தேசம். ‘பசுமையான கிராமத்தைக் காணப் போகிறோம்’ என்று கிளம்பி, அறுத்துப் போட்ட தாளடியைப் பார்த்து முகம் வாடித் திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர்.

அண்ணாச்சி சொன்ன இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. “பேப்பர்ல தினம் டேம் எத்தன அடின்னு போடுவான். அதப் பாத்துக்கிட்டே இருங்க. நாள் குறிக்கிறதுக்குப் பஞ்சாங்கம் மட்டும் போதாது” என்றார்.

நாமும் அந்த வரிகளைத் தினந்தோறும் பத்திரிகையில் கண்டிருக்கிறோம். கல்யாண விளம்பரத்தைத் தாண்டிப் போவதுபோல் தாண்டிப் போயிருக்கிறோம். பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இவற்றில் பாபநாசம் அணை இரண்டாம் உலக யுத்த காலத்தில் கட்டி முடிந்தது. அதைச் சேர்ந்த மின்சார நிலையம் 1944இல் வேலை தொடங்கிற்று. மணிமுத்தாறு அணை சுதந்திரம் வந்த பிறகு நம் சொந்த சர்க்கார் கட்டி 1958இல் முடித்தது. தென்மேற்கு மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் பாபநாசம் அணை புரட்டாசியிலேயே முக்கால்வாசி நிரம்பியிருக்கும். அப்போது ஐப்பசி மழை மலைமேல் இரண்டு நாள் விடாமல் கொட்டினால், அணையில் அதைத் தாங்கிக்கொள்ள இடம் இராது. உபரி நீரை ஆற்றில் திறந்தே ஆக வேண்டும். தென்மேற்கு மழை பொய்த்த வருஷத்தில் அணை பாதி காலியாக இருக்கும். முதல் மழைகள் அத்தனையும் அதற்குள் அடங்கிவிடும். கீழே ஆறு சாதுவாக ஓடும். ஆக, ஐப்பசி மாதத்து ஆறு எப்படி இருக்கும் என்பதை ஆவணி மாதத்து மழை பாதி தீர்மானித்துவிடுகிறது. இதை ஓர் அப்பளக் கடைக்காரர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நாம் பூகோள பாடத்தில் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுகிறோம்.

அந்த மக்கள் இவ்வளவு கவனமாக அடிக் கணக்குப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 1992ஆம் வருஷம் நவம்பரில் தாமிரவருணியில் வந்த பெருவெள்ளத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் ஆற்றங்கரை ஊர்களில் ஏராளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், அதாவது கார்த்திகை கழிந்து மார்கழி பிறந்த பிறகு, மழைக்காலம் முடிந்தது என்று ஜனங்கள் எண்ணியிருந்த சமயத்தில், திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களில் மேகம் உடைத்துக்கொண்டது போல் கொட்டிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். பல ஊர்களில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையே அவ்வளவு இராது. பாட்டி வாக்கியம் மார்கழியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று வாதாடி அப்போது என்ன பயன்?

குழந்தைகளும் வருகிறார்கள் என்று நாம் சொன்னதும், அண்ணாச்சி டெலிபோனைத் தம் தாயாரிடம் கொடுத்துவிட்டார். எழுபது வயதைத் தாண்டிய அம்மையார். கல்யாணமாகி வந்த நாள் முதல் ஆற்றில் குளிப்பவர். “ஆச்சி, நமஸ்காரம்” என்றோம். க்ஷேமம் விசாரித்த கையோடு விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“புள்ளையளக் கூட்டிட்டு வாரியளா? அப்பம் நல்லாக் கேட்டுக்கிடுங்க. தண்ணியில நிக்கையில வானத்தப் பாத்துட்டு நிக்காதிய, தண்ணியப் பாருங்க. இங்க வெயில் சுள்ளுன்னு அடிக்கும். மலையில மழை கொட்டும். தெளிஞ்சு ஓடுத தண்ணியில சருகும் சுள்ளியும் மெதந்து வந்தா, மேல மழைன்னு அர்த்தம். கலங்கிட்டுன்னா அப்புறம் யோசிக்க நேரம் கெடையாது. புள்ளையத் தூக்கிட்டுப் படியேறிரணும். துணி போனாப் போகட்டும், சோப்பு டப்பா போனாப் போகட்டும்.”

இந்த ஒரு யோசனைக்காகவே நாம் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தோம் என்று சொன்னால் அது மிகையாகாது. மலையாற்றில் வெள்ளம் தலைக்குமேல் இடி இடித்துச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பத்துப் பதினைந்து மைலுக்கு அப்பால் பெய்த மழை, நாம் குளிக்கும் துறைக்கு வந்து சேரும்போது அங்கே வானம் நிர்மலமாக இருக்கும். வெளியூர்க்காரர் வானத்தை நம்பித் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பார். உள்ளூர்க்காரர் சருகைக் கண்டு கரையேறியிருப்பார். ஒவ்வொரு வருஷமும் மலையோர ஆறுகளில் உயிர்ச்சேதம் என்று பத்திரிகைகளில் படிக்கும்போது, அதில் சிக்கியவர் பெரும்பாலும் சுற்றுலாவாக வந்தவர் என்று போட்டிருப்பதை நேயர்கள் கவனித்திருக்கக் கூடும்.

ஆச்சி அதோடு விடவில்லை. எந்தத் துறையில் பெண்பிள்ளைகள் சங்கடமின்றிக் குளிக்கலாம், எந்தத் துறையில் படிகளில் பாசி பிடித்திருக்கிறது, எங்கே உடை மாற்ற மறைவு உண்டு என்றெல்லாம் விஸ்தாரமாகச் சொன்னார். இந்த விவரங்களை எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் காண முடியாது. அவற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள் என்பது காரணமாக இருக்கலாம். வீட்டுப் பெண்களை அழைத்துச் செல்லுகிறவர், அந்த ஊர்ப் பெண்ணொருத்தியையாவது கேளாமல் புறப்படக் கூடாது என்பது நம் உறுதியான அபிப்பிராயம்.

துறைகளைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வருகிறது. 1934ஆம் வருஷம் தீண்டாமை ஒழிப்புக்காக நாடு முழுவதும் யாத்திரை செய்த மகாத்மா காந்தி, தென்பாண்டிச் சீமைக்கும் வந்தார், குற்றாலத்துக்கும் போனார். அருவியில் நீராடத் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு இடமில்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தாமும் நீராடாமல் திரும்பிவிட்டார். ஊராரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இப்படியும் ஒன்று உண்டு. இன்று சட்டம் எல்லாத் துறைகளையும் எல்லாருக்கும் திறந்துவிட்டது. ஆயினும் போகிற இடத்தில் ஒரு தெருவை மட்டும் விசாரித்துவிட்டு ‘ஊரை விசாரித்தோம்’ என்று சொல்லிக்கொள்ளுவது நியாயமாகாது. நாம் மேற்குத் தெருவிலும் விசாரித்தோம். வயலில் நடுகைக்குப் போகும் பெண்களில் ஒருத்தியையும் விசாரிக்கச் செய்தோம். வரப்பு வழியே எந்த நாட்களில் குழந்தைகளை நடத்தலாம், எப்போது பாம்புப் பயம் அதிகம் என்பது அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. தண்ணீர் பாய்ந்து வளைகள் நிரம்பும் நாளில் பாம்பு வரப்புக்கு ஏறும்; ஆகையால் நடவு சமயத்தில் சாயங்காலத்துக்கு மேல் வரப்பில் நடக்க வேண்டாம் என்றாள்.

இனி, தங்குமிடம். நண்பருடைய மனைவியின் சிற்றப்பா அம்பாசமுத்திரத்துக்கு வடக்கே ஒரு சிற்றூரில் விவசாயம் செய்கிறார். 14 பேர் வருகிறோம், சிரமமாக இருக்குமா என்று கேட்டதற்கு அவர், “வாங்க வாங்க, என்ன சிரமம்? எல்லாம் பாத்துக்கிடலாம்” என்று பதில் சொன்னார். நண்பருக்குப் பரம திருப்தி. நமக்குத்தான் அந்தப் ‘பாத்துக்கிடலாம்’ உறுத்திற்று. தென்னாட்டுக் கிராமவாசி விருந்தாளியிடம் ‘சௌகரியப்படாது’ என்று ஒருபோதும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். இடம் இருந்தால், ‘இடம் இருக்கிறது’ என்பார். இல்லாவிட்டால், ‘பாத்துக்கிடலாம்’ என்பார். இந்த இலக்கணத்தை அறியாத பட்டணவாசி, அழைப்பு என்று எண்ணிக்கொண்டு போய் இறங்கிவிடுகிறார்.

நண்பரின் மனைவி தம் சின்னம்மாவைத் தனியே கூப்பிட்டுப் பேசியதில் சங்கதி வெளியாயிற்று. கார் அறுவடை சமயம். பட்டாலை முழுவதும் நெல் மூட்டை. தார்சாவிலும் நெல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அறுவடை யந்திரம் வாடகைக்குக் கிடைக்கும் நாள் இன்னும் நிச்சயமாகவில்லை. கிடைத்த அன்றைக்கு இரவென்றும் பகலென்றும் பாராமல் அறுத்தாக வேண்டும். மழை முந்திக்கொண்டால் ஆறு மாதப் பாடு போய்விடும். அந்த நாட்களில் 14 பேருக்கு இலை போடச் சொன்னால் அவர் போடத்தான் செய்வார். ஆனால் பிற்பாடு பல வருஷங்கள் நம் பெயரைச் சொன்னாலே அந்த வீட்டுப் பெண்களுக்கு இடுப்பு வலிக்கும். ஆகவே அம்பாசமுத்திரத்திலேயே விடுதியில் தங்குவது, அவர்கள் வீட்டுக்கு ஒரு வேளை மட்டும் போவது, அதுவும் அவர்கள் குறிப்பிடும் நாளில் போவது என்று முடிவாயிற்று. சின்னம்மாவும் மகிழ்ந்து, அன்றைக்குச் சொதியும் கூட்டாஞ்சோறும் செய்து போடுவதாக வாக்களித்தார். நெல்லைச் சீமைச் சொதியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், இங்கே இடமில்லை.

பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றியும் ஊரார் சொன்னது நம் பட்டியலைப் புரட்டிப் போட்டது. திருப்புடைமருதூரில் பறவைகளைக் காணலாம் என்று குழந்தைகளிடம் சொல்லி வைத்திருந்தோம். கடனா நதி தாமிரவருணியோடு கூடும் இடத்தில், மருத மரங்கள் சூழ்ந்த ஊர் அது. நாரைகளும் கொக்குகளும் அங்கே கூடு கட்டுகின்றன. 2005ஆம் வருஷம் சர்க்கார் அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தார்கள். “பறவ பாக்கணும்னா தை, மாசியில வாங்க. இப்பம் வந்தா வெறும் மரத்தத்தான் பாக்கணும்” என்று ஊரார் சொல்லிவிட்டார்கள். ஆனால் அங்குள்ள நாறும்பூநாதர் கோயிலின் ராஜகோபுரத்துக்குள் நிலை நிலையாகத் தீட்டப்பட்டுள்ள நாயக்கர் காலத்துச் சித்திரங்களுக்குப் பருவம் கிடையாது. மேலே ஏற முன்கூட்டி அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் அவர்களே தெரிவித்தார்கள். பாபநாசத்து அகஸ்தியர் அருவியில் வருஷம் முழுவதும் தண்ணீர் விழும். வெள்ளம் மிகுந்தால் வனத்துறையார் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். ஆகையால் அதை முதல் நாளே வைத்துக்கொள்ளாமல், எந்த நாளிலும் மாற்றிக்கொள்ளும்படி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம் அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது. சோதனைச் சாவடியில் நேரக் கணக்கு உண்டு.

மாஞ்சோலையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அண்ணாச்சியின் குரல் மாறிவிட்டது. மணிமுத்தாறு அணைக்கு மேலே மலைமீது உள்ள தேயிலைத் தோட்டம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் ஒரு பம்பாய்க் கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்துக் காட்டை வெட்டித் தோட்டம் போட்டது. பஞ்சம் பிழைக்கப் போன குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தன. குத்தகை முடியச் சில வருஷங்கள் இருக்கும்போதே, 2024இல் கம்பெனி வேலையை நிறுத்தித் தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பத் தொடங்கிற்று. “பொறந்த எடத்த விட்டுட்டு சனங்க சட்டி பானையோட கீழ எறங்குன பாதை சார்வாள் அது. அங்கன மேகத்தப் போட்டோ புடிக்கணும்னு வாரவுகளப் பாத்தா எனக்கு என்னமோ போல இருக்கு” என்றார். நாம் பட்டியலிலிருந்து மாஞ்சோலையை எடுத்துவிட்டோம். வேறொருவர் போகலாம், போகக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. அங்கே கொழுந்து பறித்தவர்கள் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போகட்டும்.

அதற்குப் பதிலாகக் கடையம் சேர்ந்தது. பாரதியார் புதுச்சேரியை விட்டு வெளியேறி, 1918இல் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையான பின்பு, மனைவி செல்லம்மாளின் பிறந்த ஊரான கடையத்தில்தான் 1920 வரையில் வசித்தார். ரயில் நிலையம் இருக்கிறது. கீழக்கடையம் என்று பெயர். ஊருக்கு வெளியே மலையைப் பார்த்து இருக்கும் நித்தியகல்யாணி அம்மன் கோயிலுக்கு நடந்தே போங்கள், வண்டி வைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஊரார் வற்புறுத்தினார்கள். காலை ஒன்பது மணிக்குள் போனால் மலை தெரியும். பிற்பகலில் இடியும் மின்னலுமாகக் கட்டிக்கொண்டு வரும் என்றும் எச்சரித்தார்கள். புரட்டாசிக் கடைசியில் அந்தப் பக்கத்து மழை பெரும்பாலும் பிற்பகல் மழையாம். இந்த ஒரு குறிப்பினால் நம் மூன்று நாள் திட்டமே மாறிற்று: வெளியே சுற்றுவதெல்லாம் முற்பகலில், கோபுரச் சித்திரமும், பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவர்கள் வீடும் பிற்பகலில்.

ஆற்றின் குறுக்கே உள்ள பழைய அணைக்கட்டு ஒன்றையாவது குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது நம் விருப்பம். தாமிரவருணியில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு. அவற்றில் கடைசியான ஸ்ரீவைகுண்டம் தவிர மற்ற ஏழும் வெள்ளைக்காரர் ஆட்சிக்கு முன்பே நம்மவர் கட்டியவை. எஞ்சினீயர் பட்டம் இல்லாமல், இருந்த கல்லை வைத்து, ஆற்றின் போக்கை அறிந்து கட்டிய கைவேலை. கன்னடியன் அணைக்கட்டு கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. “காட்டலாம். ஆனா கால்வாய்க்குத் தண்ணி தெறக்கிறவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு நான் கூட்டிட்டுப் போறேன். கல்லு மேல தண்ணி வழியுத அன்னைக்குப் பக்கத்துல போக முடியாது” என்றார் அண்ணாச்சி. ஊர்க்காரரும் தமக்குத் தெரியாததை இன்னொருவரிடம் கேட்டுக்கொள்ளுகிறார். எல்லாம் தெரிந்ததாகப் பாவனை செய்வதில்லை.

நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. சரஸ்வதி பூஜை கழிந்த மூன்றாம் நாள் புறப்படுவதாக வைத்துக்கொண்டோம். புறப்படும் தினத்துக்கு முந்தின மாலை மறுபடியும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள் என்று அண்ணாச்சியே சொல்லியிருந்தார். ஒரு மாதத்துக்கு முன் சொன்ன யோசனை ஒரு மாதத்துக்கு முன் இருந்த ஆற்றுக்குத்தான் பொருந்தும் அல்லவா? அவ்வாறே கூப்பிட்டோம்.

“டேம்ல பாதிக்கு மேல இருக்கு, நெறையல. மலையில மூணு நாளா மழை இல்ல. காலையில தண்ணி கண்ணாடி மாதிரி ஓடுச்சு. வாங்க சார்வாள்” என்றார். பிறகு, பின்னாலிருந்து யாரோ ஏதோ சொல்லுவது கேட்டது. “அம்மை சொல்லுதா, வரும்போது கும்பகோணம் கொழுந்து வெத்தல ஒரு கவுளி கொண்டாரணுமாம். வாடாமக் கொண்டாரதுக்கு ஈரத்துணியில சுத்தி வாழப்பட்டையில வைக்கணுமாம். உங்க ஊர்க்காரவுகளுக்குத் தெரியாதான்னு கேட்டேன். தெரிஞ்சாலும் சொல்லி வையிங்கிறா.”